பந்திவிசாரணை

எங்கள் பக்கத்தில் குருவானவரை ‘ஐயர்’ என்பார்கள். தென்காசிப் பக்கம் ஒரு சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரத்தில், ஆறு வருடம் ஐயராக இருந்தேன். மூன்றாவது வருடக் கடைசியில் ஆடிட்டுக்காகக் கமிட்டி மினிட்ஸ் நோட்டைப் புரட்டினேன். மைக் செட்டுக்கு மூன்று பக்கம். கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவருக்கு நான்கு பக்கம். அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லோருக்கும் போடும் விருந்துக்கு, எத்தனை மூட்டை அரிசி, கத்தரிக்காயை எந்தச் சந்தையில் எடுப்பது என்பதற்கு மட்டும் தனியாக ஒரு கூட்டம். ‘ஜெபத்துடன் ஆரம்பமானது’, ‘ஜெபத்துடன் நிறைவுற்றது’ என்ற இரண்டு வரியை எடுத்துவிட்டால் அது கல்யாண மண்டபத்து நோட்டாகவும் இருக்கலாம், பால் சொசைட்டி நோட்டாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கூட்டத்தின் கீழேயும் என் கையெழுத்து.

அது அப்போது பெரிதாக உறைக்கவில்லை. நோட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மூடி வைத்துவிட்டேன். உறைக்க வைத்தது ஒரு பாட்டி.

பீடி சுற்றுகிறவர். வருடப்பிறப்பு ராத்திரி ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வரிசையில் வந்து தட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்தக் கார்டு எடுப்பார்கள். அந்த வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட கார்டு அது. வருடத்தில் அந்த ஒரு ராத்திரிதான் கோவிலில் இடம் இல்லாமல் வெளியே பந்தலில் நாற்காலி போடுவோம். அந்தப் பாட்டிக்கு வந்தது எரேமியா 29:11. நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு என்று ஆரம்பிக்குமே, அந்த வசனம். கார்டை வாங்கி நானே சத்தமாக வாசித்துக் காட்டினேன். “உங்க மகன் விஷயம் இந்த வருஷம் முடிஞ்சிடும்மா” என்று வேறு சொன்னேன். மகனுக்கு வெளிநாட்டு வேலைக்கு விசா வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. யார் என்னைச் சொல்லச் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. ராத்திரி ஒரு மணி, வரிசையில் இன்னும் நூறு பேர், எல்லோருக்கும் ஏதாவது நல்லதாகச் சொல்லி அனுப்பவேண்டும் என்ற அவசரம்.

ஆகஸ்டில் அந்தப் பையன் பைக் விபத்தில் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து, மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. தட்டின் ஓரத்தில், தூளுக்கு அடியில், அந்தக் கார்டு. துடைத்து என்னிடம் நீட்டினார்.

“இதுதானாய்யா நான் எதிர்பார்த்த முடிவு?”

எனக்குப் பதில் இல்லை. பையிலிருந்து வேதாகமத்தை எடுத்தேன், வாசிப்பதற்காக என்பதைவிட முகத்தை மறைத்துக்கொள்வதற்காக. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். இத்தனைக்கும் இறையியல் கல்லூரியில் எரேமியாவுக்குப் பரீட்சை எழுதியவன்தான். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பின நிருபம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், சீக்கிரம் திரும்பி வரமாட்டீர்கள் என்கிறது. சீக்கிரம் திரும்பலாம் என்று அந்தக் காலத்திலும் சில தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நம்பாதீர்கள் என்றும் சொல்கிறது. 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனம், ‘பாபிலோனிலே எழுபதுவருஷம் நிறைவேறினபின்பு’ என்று தொடங்குகிறது. அதாவது, அந்த நிருபத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த முடிவைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை.

அம்மா இலை வெட்டுவதை நிறுத்தினார். “அப்போ இது அந்த ஆட்களுக்குப் போட்ட லெட்டரா?”

“ஆமாம்மா.”

“பெறவு என்னத்துக்கு எனக்குக் குடுத்தீக?”

இருபது வருட ஊழியத்தில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் இதைவிடச் சரியான கேள்வி இல்லை. அந்த வசனம் அவருக்குரியதே அல்ல என்று நான் சொல்லமாட்டேன். சிறைப்பட்டவர்களை மறக்காத தேவன் பீடித்தட்டையும் மறக்கமாட்டார். ஆனால் அது விசாவுக்கான உத்தரவாதம் அல்ல. கர்த்தர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் சொன்னவன் நான். எரேமியா நம்பாதீர்கள் என்று சொன்ன வரிசையில் போய் நின்றிருக்கிறேன்.

அன்றைக்கு அந்தத் திண்ணையில் என்னிடம் கொடுப்பதற்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான். 1 கொரிந்தியர் 15. பவுல் அங்கே, ‘நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்’ என்று சொல்லிவிட்டு நாலே விஷயம் சொல்கிறார்: கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார், தரிசனமானார். பத்து நாள் முன்பு கல்லறைத் தோட்டத்தில் இதே அதிகாரத்தை வழிபாட்டுப் புத்தகத்தைப் பார்த்து, வெயிலுக்குப் பயந்து வேகமாக வாசித்தேன். திண்ணையில் மெதுவாக வாசித்தேன். அம்மா அழுதார். ஆறுதல் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மினிட்ஸ் நோட்டு மனசுக்குள் திறந்துகொண்டது. ‘பிரதானமாக’ என்ற அந்தச் சொல் விடவில்லை. என் வாரத்தில் எது பிரதானம்? திங்கள் பாங்கு, செவ்வாய் பள்ளிக்கூட வேலை, புதன் கான்ட்ராக்டர். சனி ராத்திரி பத்து மணிக்குமேல் பிரசங்கம். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-இல் ஒரு வார்த்தை உண்டு, ‘பந்திவிசாரணை’. சாப்பாட்டுப் பந்தியைக் கவனித்துக்கொள்ளும் வேலை. தேவவசனத்தைப் போதியாமல் பந்திவிசாரணை செய்வது தகுதியல்ல என்கிறார்கள் இயேசுவின் அப்போஸ்தலர்கள் பன்னிருவர். எனக்கு அது உவமையே இல்லை. ஒவ்வொரு அசனத்துக்கும் தோளில் துண்டோடு, சாம்பார் வாளிக்குப் பின்னால் நடந்து பந்திவிசாரித்தவன் நான்.

சரி, உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கமிட்டியைச் சுருக்கு, கட்டட வேலையை நிறுத்து, வசனம் மட்டும் போதும். கொஞ்ச நாள் அப்படியும் பேசித் திரிந்தேன். அதுவும் தப்பு என்று புரிய தரங்கம்பாடி வரைக்கும் போகவேண்டியிருந்தது. 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவுக்கு இதே தலைவலி இருந்திருக்கிறது. 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர், பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் மொழிபெயர்த்துவிட்டு 1719-இல் இறந்துபோனவர். அப்படிப்பட்டவரிடமே, பள்ளிக்கூடமும் கட்டடமும் எதற்கு, அப்போஸ்தலர்களைப்போல் பிரசங்கம் மட்டும் போதாதா என்று கோபன்ஹேகனில் இருந்த மிஷன் செயலாளர் வெண்ட் குடைந்துகொண்டே இருந்தார். ஆத்துமாவுக்குச் செய்யும் ஊழியத்தையும் சரீரத்துக்குச் செய்யும் ஊழியத்தையும் பிரிக்க முடியாது என்பதுதான் சீகன்பால்குவின் நிலைப்பாடு. வாசிக்கத் தெரியாத ஊரில் வேதத்தை அச்சிட்டு என்ன பண்ணுவது? பள்ளிக்கூடம் வேண்டும்தான்.

அப்போஸ்தலர் 6-ஐ மறுபடி பார்த்தால், பன்னிருவரும் பந்தியை நிறுத்தச் சொல்லவில்லை. விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடம் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவான்தான் அடுத்த அதிகாரம் முழுக்கப் பிரசங்கம் பண்ணுகிறார். அந்தப் புத்தகத்திலேயே நீளமான பிரசங்கம் அது. பந்தி விசாரித்த மனுஷன்!

கார்டை நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் சொல்லிப் பார்த்தேன். “ஐயா, ஜனங்க அதுக்காகத்தான் அந்த ராத்திரி வாறாங்க” என்றார் பொருளாளர். அவர் சொன்னதில் பொய் இல்லை. கடைசியில் கார்டு இருந்தது, நான்தான் கொஞ்சம் மாறினேன். அசனத்தையும் கட்டடத்தையும் மூன்று பேரிடம் ஒப்படைத்தேன். முதல் வருடம் சோறு பற்றாமல் போய் எனக்கு நல்ல திட்டு. புதன்கிழமை சாயங்காலம் கான்ட்ராக்டருக்குப் பதிலாகப் பீடி சுற்றும் வீடுகளுக்குப் போனேன். கை வேலை நடந்துகொண்டே இருக்கும், ஒரு முழு அதிகாரம் வாசிப்போம், அவ்வளவுதான். ஏழெட்டுப் பேருக்குமேல் ஒருநாளும் வந்ததில்லை.

அந்த அம்மா கார்டு எடுப்பதை விடவில்லை. அடுத்த வருடப்பிறப்பு ராத்திரியும் வரிசையில் வந்து ஒன்று எடுத்தார். பின்னால் நிற்பவர்கள் நெருக்குகிறார்கள், பாட்டி நகரவில்லை. கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, இது யாருக்கு எழுதினது?”