காரில் ஆர்ட்டி ஷா

ஜனவரி 9, செவ்வாய்

தொண்டைக்கு ஓய்வு, டாக்டர் உத்தரவு. பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் கெடுதல். கனைக்கவே கூடாது என்று சொன்னதிலிருந்து கனைப்புதான் வருகிறது.

ஜனவரி 10, புதன்

பழைய ரெக்கார்டு கடையிலிருந்து இவர் ஒரு பெட்டி வாங்கி வந்தார். அமெரிக்க ஜாஸ் கிளாரினெட்காரர், இசைக்குழுத் தலைவர் ஆர்ட்டி ஷாவின் 'செல்ஃப் போர்ட்ரெய்ட்', ஐந்து சிடி. ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் 2001-இல் வெளியிட்டது. எது எது இருக்க வேண்டும் என்று பொறுக்கியவர் ஷாவேதான், அதுவும் 90 வயதுக்கு மேல். வீட்டில் சிடி போட ஒன்றும் கிடையாது. பழைய டொயோட்டாவில்தான் உண்டு. வாசலில் வண்டியை நிறுத்தி, ஹீட்டர் போட்டு, போர்வையோடு உட்கார்ந்து கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் நாயோடு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலில் 'நைட்மேர்'. நடன இசைக்குழுவுக்கு அடையாளப் பாட்டாக இதையா வைப்பார்கள்? பேய் வருகிற மாதிரி இருக்கிறது. பிடித்திருக்கிறது.

ஜனவரி 11, வியாழன்

1954-இல், 44 வயதில், கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டார். 2004 டிசம்பரில் இறக்கும்வரை மறுபடி ஊதவில்லை. ஐம்பது வருஷம். விரல்கள் சும்மாவா இருந்திருக்கும்? மேஜையில் தட்டாமல் இருக்குமா? ராத்திரியெல்லாம் இதே யோசனை.

அம்மா போன் செய்தாள். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. "சாப்பிட்டியாடி?" ஒரு தட்டு. "வலிக்குதா?" இரண்டு. "பொய் சொல்றியா?" எத்தனை தட்டுவது?

ஜனவரி 12, வெள்ளி

இன்று முழுக்க ரேடியோ ஒலிபரப்புகள். ஸ்டுடியோவில் மெனக்கெட்டுப் பதிவு செய்ததெல்லாம் இருக்க, ஹோட்டலில் இருந்து நேரடியாக ஒலிபரப்பானவற்றைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார் மனிதர். காரணம் காதிலேயே தெரிகிறது. ஸ்டுடியோவில் பத்து அங்குல இசைத்தட்டு, மூன்று நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும், எல்லோரும் அடக்கி வாசிக்கிறார்கள். ஹோட்டலில் எதிரே ஆட்கள் ஆடுகிறார்கள், பட்டி ரிச் டிரம்ஸில் உதைக்கிறார், பின்னாலிருந்து குழுக்காரர்களே கத்துகிறார்கள். ஒரு இடத்தில் ஷாவின் கிளாரினெட் மேலே போய், இதற்கு மேல் இல்லை என்று நினைக்கும்போது இன்னும் ஒரு படி ஏறுகிறது. என் தொண்டை தானாக இறுகியது. டாக்டரிடம் சொல்ல வேண்டாம்.

ஊரறிந்த பாட்டு 'பிகின் தி பெகீன்'. கோல் போர்ட்டர் எழுதியது, ஜெர்ரி கிரே இசையமைப்பை மாற்றிக் கொடுத்தது. 1938 ஜூலை 24-இல் பதிவானது. இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். அது பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் எங்கே போனாலும் அதையே வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், அவருக்கு வெறுத்துவிட்டது. நவராத்திரிக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் என்னை ஒரே பாட்டைப் பாடச் சொல்வார்களே, அது ஞாபகம் வந்தது. சந்தோஷமாகத்தான் பாடினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஜனவரி 13, சனி

ஒன்றும் கேட்கவில்லை. அழுகை. சத்தமில்லாமல் அழுவதும் தொண்டைக்கு வேலைதானோ?

ஜனவரி 14, ஞாயிறு

அந்த 1938 ஜூலை 24-ஆம் தேதியே பில்லி ஹாலிடே ஷாவின் குழுவோடு 'எனி ஓல்ட் டைம்' பாடிப் பதிவு செய்தாள். வெள்ளைக்காரக் குழுவில் கறுப்பினப் பாடகி, அந்தக் காலத்தில். ஷாவுக்குத் துணிச்சல் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நியூயார்க் லிங்கன் ஹோட்டலில் வாசிக்கப் போனபோது, விருந்தாளிகள் கண்ணில் படாமல் சரக்கு லிஃப்டில் வரச் சொன்னார்கள் அவளை. அந்த வருஷக் கடைசிக்குள் குழுவை விட்டுப் போய்விட்டாள்.

நான் வெள்ளிக்கிழமை ரசித்துக் கேட்டதில் பாதி அதே ஹோட்டலின் ப்ளூ ரூமில் இருந்து வந்தது. அந்தக் கைதட்டல் இன்று வேறு மாதிரி கேட்கிறது. அணைத்துவிட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பானை பொங்கும்போது எனக்குப் பதிலாகவும் சேர்த்துக் கத்தினாள் மகள். வெல்லம் கொஞ்சம் கம்மி. சொல்ல முடியாது, சாப்பிட்டேன்.

ஜனவரி 17, புதன்

'ஸ்டார்டஸ்ட்', 1940 அக்டோபர். மூன்று தடவை. பில்லி பட்டர்ஃபீல்டின் டிரம்பெட் திறக்கிறது, பின்னால் வயலின்கள். ஷா வருகிறார், அவசரமே இல்லை, நெளிந்து நெளிந்து ஏறுகிறார். அதற்கப்புறம் ஜாக் ஜென்னியின் டிராம்போன். எட்டே எட்டு பார் (எட்டு தாளச் சுற்று மாதிரி)தான் அந்த மனிதருக்குக் கிடைத்தது. சட்டென்று ஒரு ஸ்தாயி மேலே தாவி, அப்படியே வழுக்கி இறங்குகிறார். இத்தனை வருஷம் கழித்தும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் பெரும்பாலும் இந்த எட்டு பாருக்காகத்தான்.

மகள் கண்ணாடியைத் தட்டி, "அம்மா, பெட்ரோல் வேஸ்ட்" என்றாள்.

ஜனவரி 18, வியாழன்

ஷா மேல் கோபமாக இருக்கிறது. 1939 நவம்பரில் ஹோட்டல் பென்சில்வேனியா மேடையிலிருந்து இறங்கி, குழுவை அப்படியே விட்டுவிட்டு மெக்சிகோ போனார். குழுவிலிருந்த ஜார்ஜி ஆல்ட்தான் மிச்சப் பேரைக் கட்டி மேய்த்தார். இவர் திரும்பி வந்து 'ஃப்ரெனஸி' பதிவு செய்ய, அதுவும் ஹிட். விட்டுவிட்டுப் போனால் வரவேற்கக் காத்திருப்பார்கள் என்று தெரிந்தவனுக்கு விடுவது என்ன கஷ்டம்?

ஆனால் ஐந்தாவது வட்டில் 1954 குழு இருக்கிறது. ஹாங்க் ஜோன்ஸ் பியானோ, டால் ஃபார்லோ கிடார். அதில் ஷா ஊதுவது தேய்ந்துபோனவன் ஊதுவதாக இல்லை, இதுவரை கேட்டதிலேயே உச்சம். இப்படி வாசிக்க முடிகிற நேரத்தில் யார் நிறுத்துவார்கள்? 1983-இல் மறுபடி குழு சேர்ந்தபோதும் முன்னால் நின்று நடத்தினாரே தவிர கிளாரினெட்டை டிக் ஜான்சனிடம் கொடுத்துவிட்டார். பக்கத்தில் இன்னொருவன் ஊத, கையை எங்கே வைத்துக்கொண்டு நின்றார்?

ஜனவரி 19, வெள்ளி

பத்து மணிக்கு ஸ்கோப், தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. பார்த்துவிட்டு ஒரு 'ஆ' சொல்லச் சொல்வார்களாம். வண்டியில் போகும்போது கடைசிப் பாட்டுகளைக் கேட்கலாம் என்றால், இவருக்கு வழி சொல்கிற சத்தம் கேட்க வேண்டுமாம். நான் போய்