பெரட்டுக்குப் போகிற வலி

6 அக்டோபர் 2025, திங்கள்

காலை ஏழு மணிக்கு ஷிப்ட் கைமாறும் பாஸ் ஓவர். இரவு ஷிப்ட் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கொட்டாவியை அடக்கிக்கொண்டு புத்தகத்தை வாசித்தாள். எங்கள் முதியோர் இல்லத்தில் மொத்தம் 26 பேர். இரண்டு பேருக்கு மூக்குக் குழாய், மூன்று பேருக்குச் சிறுநீர்ப் பை, ஒன்பது பேருக்கு இன்சுலின். ஏழாம் கட்டில் பாட்டிக்கு ‘சாக்கிட், 2/10’, அதாவது மலாயில் வலி, பத்துக்கு இரண்டு. எங்கே வலி, என்ன மாதிரி வலி, எப்போதிலிருந்து, ஒன்றும் இல்லை. எழுதியது இந்தோனேசியாவிலிருந்து வந்த நம் மேடான் பெண். கைவேலை சுத்தம், மனசும் தங்கம். தமிழ்தான் வராது.

நேரில் போய்க் கேட்டேன். “இடது முட்டி கடுக்குது மிஸ்ஸி. வயசாச்சில்ல” என்றார் பாட்டி. வீக்கமில்லை, சூடுமில்லை. தைலம் தேய்க்கச் சொல்லிவிட்டு மருந்து வண்டியை அடுத்த கட்டிலுக்குத் தள்ளினேன். காலை மருந்து நேரத்தில் ஒரு கட்டிலுக்கு மூன்று நிமிஷம் கிடைத்தாலே பெரிசு.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். மேசையில் வீட்டு லீவு பாரங்கள் இப்போதே குவிய ஆரம்பித்துவிட்டன.

7 அக்டோபர், செவ்வாய்

சமையல்கட்டில் கேஸ் தீர்ந்து பசியாற லேட். அது தெரியாமல் புது மிஸ்ஸி கிராணித் தாத்தாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டாள். எட்டேகாலுக்கு மனிதர் வியர்த்துக் கொட்டிச் சட்டை நனைந்து உட்கார்ந்திருக்கிறார். விரலில் குத்திப் பார்த்த சீனி அளவு, டி.எக்ஸ்.டி., 3.1. நல்லவேளை, விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவைத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்த்ததில் 4.8. அதன் பிறகு ரொட்டி. தட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும் என்று புது மிஸ்ஸியிடம் சொன்னேன். அழுதாள். அழட்டும், இனி மறக்கமாட்டாள்.

தெளிந்துவிட்டாரா என்று பார்க்க, “தாத்தா, இன்னிக்கு என்ன தேதி?” என்றேன். “1948, ஜூன் 16.” வேறு யாராவது இப்படிச் சொன்னால் பயந்துபோவேன். இவருக்குச் சீனி ஒழுங்காக இருக்கும் நாளிலும் அதே தேதிதான். இந்த சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்ற நாள். அதைத் தொட்டுத்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீண்டது. அப்போது தாத்தாவுக்குப் பன்னிரண்டு வயசு. சரி, ஆள் தெளிந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டேன்.

9 அக்டோபர், வியாழன்

ஏழாம் கட்டில் பாட்டி மதியச் சோற்றைத் தொடவில்லை. மீன் சம்பாலை ஒதுக்குகிற ஆள் இல்லை அவர்.

பேசாமல் பின்னால் நின்று அவர் கழிவறைக்கு நடப்பதைப் பார்த்தேன். சுவரைப் பிடித்தபடி போகிறார். இடது காலைத் தரையில் வைத்ததும், சுடுகல்லை மிதித்தவர்போல வெடுக்கென்று தூக்கிவிடுகிறார். கட்டிலுக்குத் திரும்பியதும் கேட்டேன்.

“பாட்டி, வலியே இல்லேன்னா சைபர், உசிரு போற வலின்னா பத்து. ஒங்க வலி எத்தனை?”

“எத்தனைன்னா? பெரட்டுக்குப் போற வலிதான்.”

எனக்குப் புரிந்தது. நானும் ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்தவள்தானே. பெரட்டு என்றால் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக இறங்காது என்பதால் இருட்டிலேயே மர நிரைக்குப் போய்விடுவார்கள். காய்ச்சல், முதுகுவலி, மாதவிலக்கு எல்லாமே ‘பெரட்டுக்குப் போகிற வலி’யில் சேர்த்தி. போக முடியாத வலி என்றால் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு வேறு எண் கிடையாது. அதைத்தான் நாங்கள் 2/10 என்று எழுதி வைத்திருக்கிறோம்.

படுக்கவைத்து இடது பாதத்தைப் பிடித்து மெல்ல உள்பக்கம் உருட்டினேன். சத்தமே இல்லை. மூச்சு மட்டும் நின்றது. கீழுதடு பல்லுக்குள் போனது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்களின் கணு வெளுத்துப்போயிற்று. முட்டி வலி என்று வந்தால் இடுப்பையும் பார் என்பது பயிற்சிக் காலத்துப் பாடம். இடுப்பு மூட்டின் வலி முட்டியில் வந்து பேசும். திங்கட்கிழமை எனக்கு அது எங்கே போயிருந்தது?

“எப்ப விழுந்தீங்க?”

“விழலம்மா. வழுக்கி ஒக்காந்தேன். சனிக்கிழமை ராத்திரி, பாத்ரூம்ல.”

“ஏன் பாட்டி சொல்லல?”

“சொன்னா பேர வெட்டிருவீங்கல்ல.”

நடக்கவிடாமல் படுக்கையிலேயே வைத்து, அறுவை நடக்கலாம் என்பதால் வாய்வழி எதுவும் கொடுக்காமல், ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். ஏற்றும்போது கைப்பையைக் கேட்டு அடம். உள்ளே ஐசி (அடையாள அட்டை), நாலு வெள்ளிப் பணம், பிளாஸ்டிக் உறையில் ஒரு பழைய பங்குப் புத்தகம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இந்த ஊர்க்காரரான அப்போதைய அமைச்சர் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் புத்தகம். “அதுல எம்பேரு இருக்கு” என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

இரவு எட்டு மணிக்கு ஃபோன் வந்தது. தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நின்றிருக்கின்றன. அதனால்தான் கால் குட்டையாகவும் இல்லை, பாதம் வெளிப்பக்கம் திரும்பவும் இல்லை. பாடப்புத்தகம் சொல்லும் அடையாளம் இரண்டும் இல்லாமல், அந்த எலும்போடு ஐந்து நாள் கழிவறைக்கு நடந்திருக்கிறார்.

10 அக்டோபர், வெள்ளி

சம்பவ அறிக்கை எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ‘முதலில் பரிசோதித்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயர். ‘கண்டது’ என்ற கட்டத்தில் ‘முட்டி மட்டும் பார்க்கப்பட்டது’ என்று எழுதினேன். அதை மேடான் பெண்ணின் தலையில் கட்ட முடியாது. அவள் வலி என்றாவது எழுதினாள். தைலம் என்னுடையது.

ஜொகூரிலிருந்து மகன் கூப்பிட்டார். “அஞ்சு நாளா யாருமே பாக்கலையா மிஸ்ஸி?”

“பாத்தோம் தம்பி. சரியா பாக்கல.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அம்மா அழுதாங்களா?” என்றார்.

“இல்ல.”

“அப்ப எங்க தெரியப்போகுது” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

13 அக்டோபர், திங்கள்

அறுவை முடிந்தது. மூன்று திருகு போட்டிருக்கிறார்கள். முறிவு விலகாமல் இருந்ததால் மூட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பாஸ் ஓவர் முடிந்ததும் மேடான் பெண்ணையும், உள்காட்டுக் கம்போங்கிலிருந்து வேலைக்கு வரும் தெமியார் பழங்குடிப் பெண்ணையும் வெள்ளைப் பலகை முன்னால் உட்காரவைத்தேன். ‘சாக்கிட்’ என்று எழுதி அதைக் குறுக்கே அடித்தேன். எங்கள் கிழடுகளுக்கு ஒரு வலி இல்லை, பத்துப் பதினைந்து வலி இருக்கிறது, காதைக் கொடுங்கள் என்று மலாயில் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

எரிச்சல் என்றால் பெடே. நீரிழிவுக்காரர் பாதம் எரிகிறது என்றால் நரம்பு. விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார். புண் இருந்தும் எரியவே இல்லை என்றால் அது அதைவிட மோசம். குடைச்சல் எலும்புக்குள் இருப்பது, ராத்திரியில் கூடும். அதற்கு மலாயில் ஙிலு. (பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஙகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லை இன்றைக்குத்தான் எழுதினேன்.) விண்விண் என்று தெறித்தால் சீழ் கோத்திருக்கலாம். மதமதப்பு என்றால் கெபாஸ். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் மதமதத்தால் முகம் கோணுகிறதா, கை தொங்குகிறதா பார்த்துவிட்டு ஓடி வா. கடுப்பு கொஞ்சம் ஏமாற்றும். கால் கடுப்பு வேறு, நீர்க்கடுப்பு வேறு. இரண்டாவதைச் சொன்னால் சிறுநீர்ச் சோதனை. விட்டுவிட்டால் இரண்டு நாளில் ஆள் உளற ஆரம்பித்துவிடும்.

‘வாயு’ என்று தனியாகச் சிவப்பில் எழுதினேன். மாரடைப்பு வந்தவர்களில் எத்தனை பேர் வெந்நீரும் ஓமமும் கேட்டதை என் அரசாங்க வேலைக் காலத்தில் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் வாயு என்று யார் சொன்னாலும் ஓமத்தைத் தேடாதே, என்னைத் தேடு.

பேச்சே இல்லாதவர்களுக்கு மூச்சு, முனகல், முகம், உடம்பு, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போடும் பெயினேட் தாள் இருக்கிறது. மறதிக்காரர்களுக்கென்று வந்த தாள். பாட்டிக்கு மறதி இல்லை என்பதால் அதை யாரும் அவர் கட்டில் பக்கம் கொண்டுபோகவில்லை. இனிமேல் “ஒண்ணுமில்ல” என்று சொல்கிறவர்களுக்கும் அது உண்டு.

தெமியார் பெண் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள்.

18 அக்டோபர், சனி

பாட்டி நேற்றே திரும்பிவிட்டார். இன்று முழுக்க வீட்டு லீவு ரகளை. பன்னிரண்டு பேர் போகிறார்கள். வேளைக்கு ஒரு பொட்டலமாக மருந்து கட்டி, வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டு: மெதுவாகக் கரைகிற மாத்திரையை இடித்துப் பழத்தில் வைக்காதீர்கள், நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். ஒரு மருமகள், “போன வருஷம் அப்படித்தான் குடுத்தோம், ஒண்ணும் ஆகலையே” என்றார். ஆகவில்லைதான். எனக்குத்தான் முதுகு சில்லிட்டது.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

மீதி 14 பேர். எண்ணெய்க் குளியலுக்கு நான் தடை போட்டதில் ஒரே முணுமுணுப்பு. கடைசியில் சமாதானம்: நாற்காலியில் உட்காரவைத்து உச்சியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய், துடைக்க வெந்நீர்த் துணி, தரையில் துளி சிந்தக்கூடாது. பதினாலு உச்சிக்கும் நானே வைத்தேன். கிராணித் தாத்தா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாம் சொட்டு கேட்டார். சாயங்காலம் அவருடைய டி.எக்ஸ்.டி. 17.2. அதிரசம் எந்த வழியாக உள்ளே வந்தது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

23 அக்டோபர், வியாழன்

பத்து மணிக்கு ஃபிசியோ வருவார் என்பதால் ஒன்பதரைக்கே பாட்டிக்குப் பாராசிட்டமால் இரண்டு. வாக்கரைப் பிடித்து எழுந்து, நின்று, நாலு எட்டு. ஐந்தாவதில் நின்றார். மேடான் பெண் பக்கத்தில் இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி, “பாட்டி, எந்த வலி? கடுப்பு? குடைச்சல்?” என்று தன் தமிழில் கேட்டாள்.

பாட்டி அவளைத் திரும்பிப் பார்த்து யோசித்தார். “அரைநாள் வலி” என்றார். “கொஞ்சம் ஒக்கார வை.”

உட்காரவைத்தோம். மத்தியானம் புத்தகத்தைப் புரட்டும்போது ஏழாம் கட்டில் பக்கத்தில் மலாய் எழுத்தில் ‘அரைநாள்’ என்று இருந்தது. நான் அதைத் திருத்தவில்லை. பக்கத்தில் 5/10 என்று போட்டுக் கையெழுத்திட்டு, அடுத்த வேளை மருந்து நேரத்தைக் குறித்தேன்.