எழுதித் தரச் சொன்ன அப்பா

"எழுதித் தர மாட்டேன்னா நீங்களும் பயப்படுறீங்கன்னுதானே அர்த்தம் மேடம்"னு அவர் கேட்டாரு. நான் உடனே இல்லைன்னு சொல்லிட்டேன். அந்த இல்லை எவ்ளோ உண்மைன்னு இப்பவும் மனசுக்குள்ள கேட்டுட்டே இருக்கேன்.

திருநர் பிள்ளைங்க சிகிச்சைக்கு வழி தேடுற குடும்பங்களுக்கு உதவுறதுதான் எங்க வேலை. இவர் அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல இருந்து பேசின ஒரு அப்பா. பையன் திருநம்பி, பிறந்தப்போ பொண்ணுன்னு பதிவானவன், 13 வயசு, பருவ மாற்றத்தைத் தள்ளிப்போடுற பியூபர்ட்டி பிளாக்கர் ஊசி போட்டுட்டு இருந்தவன். அங்க 18 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு இந்தச் சிகிச்சையத் தடுக்குற சட்டம் 2023 ஜூலையில அமலுக்கு வந்துச்சு, ஏற்கனவே சிகிச்சையில இருந்த பிள்ளைங்களுக்கு மட்டும் 2024 மார்ச் 31 வரைக்கும் டைம் குடுத்திருந்தாங்க. அது முடிஞ்சு ஊசி நின்னு, அந்தக் கோடையிலேயே பீரியட்ஸ் வந்துருச்சு, பையன் ரூமை விட்டு வெளிய வர்றதே இல்ல. தடை இல்லாத இல்லினாய் மாநிலத்துல ஒரு டாக்டர் கிடைச்சாங்க, காரில 7, 8 மணி நேரம். ஊசின்னா சில மாசத்துக்கு ஒரு தடவை திரும்பப் போகணும், கையில வைக்கிற இம்ப்ளான்ட்னா கிட்டத்தட்ட ஒரு வருஷம் தாங்கும், ஷிப்ட் வேலை பாக்குற மனுஷனுக்கு இது சின்ன விஷயம் இல்ல. கம்பெனி இன்ஷூரன்ஸ் ஒத்துக்குமான்னு போன்ல மணிக்கணக்கா காத்திருந்து அதையும் கேட்டு வச்சேன். எல்லாம் கூடி வந்த நேரத்துலதான் அந்தக் கேள்வி.

அவரோட அம்மா அவங்க வீட்லயேதான் இருக்காங்க. டெக்சஸ்ல 2022ல கவர்னர், இந்த மாதிரி சிகிச்சை குடுக்குற பெத்தவங்கள குழந்தைக் கொடுமைன்னு விசாரிக்கச் சொன்னாரே, அந்தச் செய்தி அந்தம்மா மனசுல அப்படியே தங்கிருச்சு. பேரனைக் கூட்டிட்டுப் போனா மகனைப் பிடிச்சிருவாங்கன்னு அழறாங்க. "அம்மாகிட்ட காட்ட ஒரு பக்கம் போதும் மேடம், நான் பண்றது குற்றம் இல்லைன்னு ஈமெயில் போடுங்க". இவ்ளோதான் கேட்டாரு.

நான் வாயால சொன்னேன். தெளிவாவே சொன்னேன். டென்னசி சட்டம் பாயுறது டாக்டர்ங்க மேல, ஒரு மீறலுக்கு 25,000 டாலர் அபராதம்னு இருக்கு, பெத்தவங்க பிள்ளைய வேற மாநிலத்துக்குக் கூட்டிட்டுப் போறதை அது தடுக்கல, 2024 ஜூலையில வந்த இன்னொரு சட்டமும் பெத்தவங்க சம்மதம் இல்லாம மைனருக்கு உதவி பண்றவங்களப் பத்திதான்னு. எழுத மட்டும் மாட்டேன்னுட்டேன்.

காரணம் இருந்துச்சு. நான் வக்கீல் இல்ல. அதைவிட, 2023ல நாஷ்வில்ல ஒரு பெரிய மருத்துவமனை திருநர் நோயாளிங்க ரெக்கார்டை மாநில அட்டார்னி ஜெனரல், அதாவது மாநில அரசோட தலைமை வக்கீல், கேட்டார்னு குடுத்துருச்சு, அதே வருஷம் டெக்சஸ் அட்டார்னி ஜெனரல் எங்கயோ இருக்குற சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனைகிட்ட டெக்சஸ் பிள்ளைங்க ரெக்கார்டைக் கேட்டாரு, அவங்க கோர்ட்டுக்குப் போய் நிக்க வேண்டியதாச்சு. இதெல்லாம் பாத்தப்புறம் ஒரு பிள்ளையோட சிகிச்சையப் பத்தி அவங்க அப்பா பேருக்கு ஒரு ஈமெயில் அனுப்ப எனக்குக் கை வரல. எழுத்துல இருக்குறது என்னைக்கு யார் கைக்குப் போகும்னு யாருக்குத் தெரியும். அந்தப் பையனுக்காகத்தான் எழுதல. இதை நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

ஆனா அவர் கேட்டது பையன் பேரோ மருந்து பேரோ இல்லையே, சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு நாலு வரி. யாரோட பேரும் இல்லாம எழுதியிருக்க முடியாதா? முடியும்னுதான் இப்போ தோணுது. அப்புறம் அடுத்த நிமிஷமே, அந்த நாலு வரில ஒரு வார்த்தை தப்பாப் போனா, அதை நம்பி ஒரு குடும்பம் காரெடுத்துட்டுக் கிளம்பினா என்ன ஆகும்னும் தோணுது. வாயால சொன்னா மட்டும் அந்தப் பொறுப்பு இல்லையான்னு கேட்டா, பதில் இல்ல.

அவங்க போனாங்க. ஆனா இல்லினாய் டாக்டர் முதல்ல குடுத்த அப்பாயின்ட்மென்டை விட்டுட்டு, குளிர்காலம் முடியுற சமயத்துலதான் போனாங்க. பாட்டியச் சமாதானப்படுத்த அவ்ளோ நாள் ஆச்சா, வேற எதுவுமான்னு நான் கேக்கல. நாங்க எல்லாரும் பேசி முடிவெடுக்குற வரைக்கும் 13 வயசு உடம்பு வளர்றதை நிறுத்தி வச்சுக்காது, அந்த மாசங்கள்ல நடந்தது பையனுக்கு நடந்ததுதான்.

2025 ஜூன் 18 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் 6-3ல டென்னசி சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. அடுத்த மாசமே, தடையே இல்லாத கலிஃபோர்னியால லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகள் மருத்துவமனை திருநர் பிள்ளைங்களுக்கு இந்தச் சிகிச்சை குடுத்த சென்டரை மூடிருச்சு. அதுக்கப்புறம் இன்னொரு அம்மா அதே மாதிரி எழுத்துல கேட்டாங்க. நான் ஒவ்வொரு வரியா மெதுவாச் சொன்னேன், அவங்க எழுதிக்கிட்டாங்க, நல்ல வழி கண்டுபிடிச்சிட்டோம்னு அன்னைக்கு நிம்மதியா இருந்துச்சு. ராத்திரிதான் உறைச்சுது, அந்தக் காகிதம் யார் கையில சிக்கினாலும் அதுல இருக்குறது அந்தம்மா கையெழுத்து, என்னோடது இல்ல.

இப்போ எங்க வக்கீல்கிட்ட கேட்டிருக்கேன், எந்தப் பிள்ளை பேரும் இல்லாம, மாநிலத்துக்கு ஒரு பக்கம், கீழ எங்க பேரும் கையெழுத்தும் போட்டு எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி குடுக்கலாமான்னு. ரிஸ்க் இருக்கு, பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. என் பேரைப் போட எனக்குச் சம்மதம்னும் சொல்லிட்டேன்.