பாஞ்சோ ஹெட் ஜி ஷார்ப்பில் வந்து நின்றது

நேற்று ராத்திரி என் பாஞ்சோவில் ‘ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்’ என்ற ப்ளூகிராஸ் (அமெரிக்கக் கிராமிய இசை) பாட்டின் முதல் பிரேக்கை, அதாவது தனி வாசிப்பை, வாசிக்கும்போது அந்தச் சத்தம் வந்துவிட்டது. பாஞ்சோ மேதை ஏர்ல் ஸ்க்ரக்ஸ் ரெக்கார்டுகளில் கேட்கிற அந்தக் கறாரான சத்தம், ஒவ்வொரு நோட்டும் விழுந்த இடத்தில் ‘டக்’கென்று வெடித்து உடனே அடுத்ததற்கு வழிவிடுகிற சத்தம். விரல் அதேதான், கம்பி அதேதான், பிக்கும் அதேதான். முக்கியமாக மாறியது ஹெட்டின், அதாவது மேளத் தோல்போல இழுத்துக்கட்டிய முகப்பின், இறுக்கம்தான், ஆகவே இந்தப் பதிவில் பெரும்பகுதி ஹெட்டைப் பற்றித்தான்.

என்னுடையது இரண்டாம் கையாக வாங்கிய மாஸ்டர்டோன் வகை பாஞ்சோ. 11 அங்குல மைலார் (பிளாஸ்டிக்) ஹெட், உள்ளே பிளாட்ஹெட் டோன் ரிங் என்ற உலோக வளையம், சுற்றிலும் ஹெட்டை இழுத்துப் பிடிக்கும் 24 ஹூக். வாங்கும்போதே ஹெட் தளர்ந்துதான் இருந்தது, தட்டினால் எஃப் சுருதிப் பக்கம் பேசியது. அந்த நிலையில் நாலாவது கம்பி கும்மென்று முழங்கும், முதல் கம்பி முனகும். எல்லாவற்றையும்விட எரிச்சல் கொடுத்தது ஹாமர் ஆன். இந்தப் பாட்டின் ஆரம்பத்தில் இரண்டாவது கம்பியை 2வது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த மெட்டில்) தட்டி, அது அடங்குவதற்குள் 3வது ஃப்ரெட்டில் விரலை இறக்குகிறோம் இல்லையா, அங்கே வருவது டி. அடுத்த கணமே திறந்த முதல் கம்பி, அதுவும் டி. ஒரே சுருதி, இரண்டு கம்பிகள், இரண்டு நிறங்கள். ஸ்க்ரக்ஸ் வாசிக்கும்போது அந்த இரண்டு டியும் தனித்தனியாகக் காதில் விழும், பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன். என் பாஞ்சோவில் இரண்டும் ஒட்டிப்போய் ஒரு மொத்தைச் சத்தமாக வந்துகொண்டிருந்தது. மெட்ரோநோமை 80க்கு இறக்கினாலும் அதே மொத்தை. மெதுவாக வாசித்தும் தெளியாத சத்தம் விரலால் தெளியாது, வாத்தியத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பின்பக்க மர மூடியான ரெசனேட்டரைக் கழற்றினேன். அதைக் கழற்றாமல் நெக்கை ஒட்டி இருக்கும் ஹூக்குகளுக்குச் சாவி ஒழுங்காகப் போகாது, போகாத இடத்தை ‘பரவாயில்லை’ என்று விட்டால் ஹெட் அந்தப் பக்கம் மட்டும் தொய்ந்து நிற்கும். டி வடிவச் சாவி நட்டின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். கால் அங்குலமும் உண்டு, 9/32ம் உண்டு, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தவறானதைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். சாவியை முழுக்கையால் பிடிக்காமல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்துத் திருப்புவது என் பழக்கம். இரண்டு விரலுக்கு அடங்காத இறுக்கம் வந்தால் அதுவே நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை.

முதலில் மூன்றாவது கம்பியை 1வது ஃப்ரெட்டில் தட்டி, ஹெட் போய்ச் சேர வேண்டிய அந்த ஜி ஷார்ப் சுருதியை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் கம்பிகளுக்கு அடியில் ஒரு துணியைச் சொருகி ஊமையாக்கிவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு ஹூக்குக்கும் எதிரே, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளித் தட்டிக் கேட்டேன். இங்கே ட்யூனர் ஆப் உதவாது, தட்டுச் சத்தத்தில் மேல் சுருதிகள் கலந்து கிடப்பதால் முள் அங்குமிங்கும் அலையும், காதுதான் நம்பகம். மிருதங்கத்தை மடியில் வைத்து, கல்லும் கட்டையுமாக விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டி, எல்லாக் கண்ணும் ஒரே சுருதியில் பேசும்வரை விடாத வித்வான்களைக் கச்சேரி மேடையில் பார்த்திருப்பீர்கள், வேலை அதுவேதான். எங்கே சுருதி தாழ்ந்திருக்கிறதோ அந்த ஹூக்கை மட்டும் அரைக்கால் சுற்று. டிரம் ஆட்கள் நேரெதிர் ஹூக்குகளை மாற்றி மாற்றி இறுக்குவார்கள். 24 ஹூக் இருக்கும் பாஞ்சோவில், முதல் சமப்படுத்தல் முடிந்த பிறகு, வரிசையாக வட்டம் சுற்றுவதே எனக்குச் சரிப்பட்டது.

ஜியில் வந்து நின்றபோதே சத்தம் நிறையத் தெளிந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு தொல்லை: திறந்த மூன்றாவது கம்பியும் ஜி, ஐந்தாவதும் ஜி, ஹெட்டும் ஜி என்றால் அந்த நோட் மட்டும் மற்றவற்றைவிடத் துருத்திக்கொண்டு கேட்கிறது. கொஞ்சம் மேலே, ஜி ஷார்ப்புக்கு நகர்த்தியதும் அந்தத் துருத்தல் போய்விட்டது. பல பேர் ஜி ஷார்ப்பைச் சிபாரிசு செய்வதற்கு இதுதான் காரணமோ என்னவோ, என் காதுக்கு இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஏ வரை போய்ப் பார்க்கலாம் என்று கை அரித்தது, ஆனால் அங்கே அடிச்சத்தம் காய்ந்து தகரமாகிவிடும், போகவில்லை. முடிந்ததும் இறுக்கத்தை அளக்கும் டிரம் டயலை வைத்துச் சுற்றிப் பார்த்தேன், எல்லா இடத்திலும் 90ஐ ஒட்டியே நின்றது. காது சொன்னதைக் கருவி உறுதிசெய்தபோது வந்த பெருமிதம் இன்னும் அடங்கவில்லை.

ஹெட் இறுகினால் அதன்மேல் நின்று கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேலே எழும்பும், கம்பியின் உயரம் கூடும், சுருதியெல்லாம் ஏறும், ஆகவே பிரிட்ஜ் வேலையும் இதோடு சேர்ந்தே வந்துவிடும். 12வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் நோட்), அதே இடத்தில் அழுத்திய நோட், இரண்டும் ஒன்றாகும்வரை நகர்த்தல். அழுத்திய நோட் ஏறி நின்றால் பிரிட்ஜை, கம்பிகளின் கடைசி முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் பக்கம் தள்ள வேண்டும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கம்பி உயரம் சரியாக வர 5/8 அங்குல பிரிட்ஜ் கேட்டால், ஆன்லைன் கடை ஒன்று 11/16 அனுப்பி வைத்தது, உறையின் மேல் மட்டும் 5/8 என்று அச்சிட்டிருந்தது. திருப்பி அனுப்பி, பேசி, காத்திருந்து, வேலை அதனாலேயே இழுத்துக்கொண்டு போனது. பிரிட்ஜ் வாங்குகிறவர்கள் உறையை நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். புது பிரிட்ஜ் மேப்பிள், மேலே எபனி பட்டை, மூன்று கால். மூன்றாவது கம்பி மட்டும் இன்னும் கொஞ்சம் ஏறித்தான் ஒலிக்கிறது, ஈடுசெய்து வெட்டிய பிரிட்ஜ் ஒன்றை அடுத்து முயல வேண்டும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். 1949 டிசம்பரில் சின்சினாட்டியில் ஹெர்சாக் ஸ்டுடியோவில் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் இதைப் பதிவுசெய்தார்கள். ஹாங்க் வில்லியம்ஸும் அதே காலத்தில் அங்கே பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பதிவில் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ ஈ மைனருக்குப் போகிறது, லெஸ்டர் ஃப்ளாட்டின் கிதாரோ ஈ மேஜர் வாசிக்கிறது. ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள், அந்த உரசல் நன்றாகவே தெரியும். நாங்கள் கூடி வாசிக்கும் சனிக்கிழமை ஜாமில் கிதார் வாசிக்கும் பெரியவர், வட கரோலினா மலைப்பக்கத்துக்காரர், பிடிவாதமாக ஈ மேஜர்தான் போடுவார். மற்றவர்கள் முகம் சுளித்தாலும் எனக்கு அவர் கட்சிதான். அந்த உரசல் இல்லாமல் சுத்தமாக வாசித்தால் பாட்டு பல் பிடுங்கியதாகிவிடுகிறது. இந்த வாரம் அவர் என் பாஞ்சோவைக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டி, “இப்போதுதான் கடிக்கிறது” என்றார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

தெளிவான சத்தம் வந்ததில் இன்னொரு லாபம், வாம்ப் அடிப்பதும் நன்றாகிவிட்டது. ஃபிடில்காரர் பிரேக் எடுக்கும்போது பின்னால் மேண்டலினோடு சேர்ந்து ‘சக், சக்’கென்று வெட்ட வேண்டும், விரலைத் தளர்த்தியதும் சத்தம் சட்டென்று செத்துப்போக வேண்டும். தளர்ந்த ஹெட்டில் அது இழுத்துக்கொண்டே போய் ஃபிடிலின் மேல் ஏறும். ப்ளூகிராஸ் பாஞ்சோக்காரர் ஜே.டி. க்ரோவின் வாசிப்பில் என்னை மயக்குவது அவர் ரோல்களை (விரல்களை மாற்றி மாற்றி மீட்டும் வரிசைகளை)க் காட்டிலும் இந்தப் பின்வாசிப்புதான். பாடகர் மூச்சு விடுகிற இடத்தில் மட்டும் நாலு நோட், அதற்கு மேல் ஒன்று கிடையாது. ஜி.எச்.எஸ் கம்பெனி அவர் பெயரில் ஒரு கம்பி செட் விற்கிறது, அடுத்த கம்பி மாற்றும்போது அதுதான். இப்போது போட்டிருப்பது கொஞ்சம் தடிமனானது, முதல் கம்பி விரலை அறுக்கிறது.

பாஞ்சோ இப்படிக் கைக்கு வந்துவிட்ட நேரத்தில் மனசு மின்சாரக் கிதார் பக்கம் ஓடுவதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியில் போகும்போதெல்லாம் இப்போது மார்ஷல் டக்கர் பேண்ட் என்ற சதர்ன் ராக் குழுதான் ஓடுகிறது. தெற்கு கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்காரர்கள். அவர்களின் கிதார்காரர் டாய் கால்டுவெல் பிக்கே இல்லாமல் வெறும் கட்டைவிரலால் லீட் வாசித்தவர், அந்த நோட்டுகளின் உருண்டையான தொடக்கம் வேறு எந்தச் சதர்ன் ராக் கிதார்காரரிடமும் எனக்குக் கிடைக்கவில்லை. கட்டைவிரல்தான் பாஞ்சோவிலும் தலைவன் என்பதால் அவர் வாசிப்பு எனக்கு நெருக்கமாகப் படுகிறது போலும். ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் டுவேன் ஆல்மன் கோரிசிடின் மாத்திரைப் பாட்டிலை விரலில் மாட்டி, கம்பிமேல் சறுக்கி ஸ்லைடு வாசித்தவர், அதே மாதிரி கண்ணாடி பாட்டில்களை இப்போது ஸ்லைடுக்காகவே செய்து விற்கிறார்கள். ஒன்று வாங்கி வைத்துவிட்டேன், மேசை மேல் இருக்கிறது. ஜார்ஜியாவின் மேகனில் ஆல்மன் பிரதர்ஸ் வாழ்ந்த பிக் ஹவுஸ் இப்போது மியூசியம், அங்கேயும் போக வேண்டும்.

அதற்கு முன்னால் வட கரோலினாவின் ஷெல்பி. ராலேவிலிருந்து ஒரே நாளில் போய் வந்துவிடலாம். பழைய கோர்ட் கட்டடத்தில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சென்டர் 2014ல் திறந்தார்கள், அவர் பிறந்த ஃப்ளின்ட் ஹில்லும் அதே க்ளீவ்லண்ட் கவுன்ட்டியில்தான். ராலேவில் 2013 முதல் நடந்துவந்த உலக ப்ளூகிராஸ் விழா 2025ல் சட்டனூகாவுக்குப் போய்விட்டது எனக்குப் பெரிய வருத்தம். தெருவெல்லாம் ஜாம் நடக்கும் ஊராக ஒரு வாரம் மாறும், யார் வட்டத்திலும் போய் நின்றுகொள்ளலாம். ஸ்க்ரக்ஸ் பிறந்த மாநிலத்திலேயே அது இருந்திருக்கலாம்.

பாட்டின் இரண்டாவது பிரேக், நெக்கில் மேலே ஏறி வாசிக்கும் பகுதி, இன்னும் பாக்கி. 100 வரை சுத்தமாக வருகிறது, 120ல் வலது கை இறுகிவிடுகிறது. அதற்குள் ஃபிடில்காரர் எல்லாவற்றையும் ஏ கீயில் வாசிக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார், அவர்களுக்கு அதுதான் சௌகரியம். 2வது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை மொத்தமாக அழுத்தும் கிளிப்) போடலாம், ஆனால் நெக்கின் பாதியில் தொடங்கும் ஐந்தாவது கம்பியை 7வது ஃப்ரெட்டில் கொக்கி போட்டு நிறுத்த ஸ்பைக் என்ற சின்ன ஆணி வேண்டும். பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் எச்.ஓ அளவு ஆணிகள் வந்துவிட்டன, ஒரு சின்ன டப்பா நிறைய. 7, 9 இரண்டிலும் அடிப்பதாக முடிவு. மெல்லிய டிரில் பிட்டை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆணியைவிட ஒரு நூல் குறைவான துளை போட்டால்தான் எபனி ஃபிங்கர்போர்டு விரிசல் விடாது.