பழைய மாசி 135: கோளாறு தேடும் நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 10, சனி

மெசின் இன்று பின்னேரம் வந்திறங்கியது. மாசி பேர்குசன் 135 உழவு மெசின். வன்னியில் இதைத் தெரியாத ஆள் இல்லை. 1964 கடைசியில் இங்கிலாந்தில் வெளிவந்த சாதி, மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் இஞ்சின், இரண்டரை லீற்றர். இலக்கத் தகட்டின் மேல் யாரோ சிவப்புப் பெயின்ற் தடிப்பாக அடித்திருக்கிறார்கள், அதைச் சுரண்டி ஆண்டு பார்ப்பது பிறகு.

விற்றவர் சொன்ன குறை ஒன்றுதான்: "அரை மணித்தியாலம் உழுதா நிக்கும், பம்பில ஒரு சின்ன வேலை." ஓட்டிக்கொண்டு வரும்போது மிச்சக் குறைகளும் தெரிந்துவிட்டன. ஸ்ராட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது. பின்னால் கலப்பையைத் தூக்குகிற லிப்ட், தூக்கிப் பிடிக்கும்போது தலையாட்டுகிறது, இஞ்சினை நிறுத்தினால் கலப்பை மெல்ல மெல்ல நிலத்துக்கு வந்துவிடுகிறது. ஸ்ரியரிங்கைக் கொஞ்சம் சும்மா சுற்றிய பிறகுதான் முன்சில்லு அசைகிறது.

வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பம்ப் பம்ப் என்றே சொல்லிப் போனார்கள். இஞ்சினுக்கு டீசலை அளந்து அடிக்கிற பம்பைத்தான் சொல்கிறார்கள், இதில் இருப்பது சீஏவி ரோட்டரி பம்ப். அதை ஒருமுறை பிரித்தால் சோதனை மேசையில் ஏற்றி அளவு பிடிக்காமல் திரும்பப் பூட்டக்கூடாது, அந்தச் செலவுக்கு இரண்டு ரயர் வாங்கலாம். ஆகவே பம்ப் கடைசி. காசு போகாத சோதனைகள் முதலில். காலபோக விதைப்புக்கு ஒக்டோபர் மழை வேண்டும், அதுவரை அவசரம் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஸ்ராட்டர். மச்சானைத் திறப்பில் நிற்கவிட்டு நான் மீற்றர் பிடித்தேன். பெற்றி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ற், நல்ல பெற்றி. ஸ்ராட்டர் சுற்றும்போது பெற்றியின் ஏர்த் முனைக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவே அளந்தால் ஏறக்குறைய 2 வோல்ற் காட்டியது. அரை வோல்ற்றுக்கு மேல் அங்கே காட்டவே கூடாது. ஏர்த் வயரைக் கழற்றினால் பூட்டுகிற இடம் முழுக்கப் பெயின்ற், அதன் மேல் துரு. அரத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரியத் தேய்த்துப் பூட்டினேன், ஸ்ராட்டர் எழும்பிவிட்டது. விற்றவர் போன வருடம்தான் புதுப் பெற்றி போட்டாராம், பாவம்.

இதைவிடப் பயமான ஒன்றும் கண்ணில் பட்டது. 135இல் ஹை-லோ லீவர் (வேக கியர், மெது கியர் மாற்றுகிற லீவர்) நடுவில் நிற்காவிட்டால் ஸ்ராட்டர் வேலை செய்யக்கூடாது, அதற்கென்றே ஒரு சுவிச் இருக்கிறது. இதில் அந்தச் சுவிச்சின் இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். கீழே நின்று திறப்பைத் திருப்பினால், கியரில் இருக்கிற மெசின் ஆளின் மேலேயே ஏறும். சுவிச் உடைந்திருந்தது, புதிது எழுதி வைத்திருக்கிறேன். அது வரும்வரை சீற்றில் ஏறி இருக்காமல் யாரும் ஸ்ராட் பண்ணக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இஞ்சின் ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை இழுத்தேன், மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. பழைய இஞ்சின் ஒயில் குடிக்கும், பெருக்காது. பெருகினால் தண்ணீர் அல்லது டீசல். விரலில் தேய்த்தால் நீர்த்துப் போயிருக்கிறது, மணந்தால் டீசல். இந்த ஒயிலோடு ஓட்டினால் பெயரிங்குகள் போய்விடும், அதனால் மெசின் படுத்துவிட்டது.

இஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சம்புக்குள் டீசல் வர இந்த இஞ்சினில் முக்கியமாக இரண்டு வாசல். ஒன்று ரோட்டரி பம்பின் தண்டில் இருக்கிற சீல். மற்றது இஞ்சின் பக்கவாட்டில் கம்சாப்டால் (மேடுகள் உள்ள சுழல்தண்டு) இயங்கி, ராங்கியில் இருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற பீட் பம்ப், அதற்குள் இருக்கிற இறப்பர்த் தகடு கிழிந்தால் டீசல் நேரே உள்ளே இறங்கும். முதலாவது என்றால் பெரிய செலவு, இரண்டாவது என்றால் சில்லறை.

பிரிக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 135இல் டீசல் ராங்கி இஞ்சினுக்கு மேலே இருக்கிறது, டீசல் தன்பாட்டில் இறங்கிப் பீட் பம்பில் வந்து நிற்கும். தகடு கிழிந்திருந்தால் மெசின் தூங்கும்போதும் ஒழுகும். சீல் போயிருந்தால் பெரும்பாலும் ஓடும்போதுதான். ஒயிலை மாற்றி, கம்பியில் மட்டத்தைக் குறித்து, இன்றிரவு ராங்கிக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

திறந்திருந்த இரவு மட்டம் ஏறியது. மூடியிருந்த இரவு அசையவில்லை. பீட் பம்பைக் கழற்றி, குழாயோடு தொங்கவிட்டு, கை லீவரை அடித்துப் பார்த்தேன். வெளியே போகவேண்டிய டீசல் அடிப்பக்கத்தால் சொட்டுகிறது. அவ்வளவுதான் வழக்கு.

கராச் அண்ணையிடம் சொன்னேன். அவர் இந்த மெசின்களோடு வயதானவர். "தம்பி, நல்ல காலம் பெரிய பம்பில கை வைக்கேல்லை. அதை அவங்கள் கழட்டி, சீல் போட்டு, காசும் வாங்கி, திரும்பவும் ஒயில் ஏறியிருக்கும்" என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புது பீட் பம்ப் பூட்டியாயிற்று, ஒயிலும் பில்டரும் மாற்றியாயிற்று. பிறகு ஏர் எடுக்கிற வேலை, அதாவது டீசல் பைப்புகளுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பலர் இதில்தான் பொறுமை இழந்து ஸ்ராட்டரைச் சுற்றிச் சுற்றிப் பெற்றியைக் கொல்கிறார்கள். ஒழுங்கு ராங்கியில் இருந்து வரவேண்டும்: முதலில் பில்டரின் தலையில் இருக்கிற ஸ்குரூ, பிறகு ரோட்டரி பம்பின் பக்கத்து ஸ்குரூ, பிறகு அதன் மேல் மூடியின் ஸ்குரூ, ஒவ்வொன்றிலும் குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கை லீவர் அடித்து, இறுக்கி, அடுத்ததுக்குப் போகவேண்டும். கடைசியாக, சிலிண்டருக்குள் டீசல் பீச்சுகிற நொசில்களுக்குப் போகிற பைப்புகளின் நட்டை இளக்கி இஞ்சினைச் சுற்றவிட வேண்டும்.

லீவர் சில நேரம் அடிபடவே அடிபடாது, தொளதொள என்று ஆடும். புதுப் பம்பும் பழுது என்று அதைத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். கம்சாப்டின் மேடு அந்த நேரம் பம்பின் கையைத் தூக்கிப் பிடித்திருக்கும், வேறொன்றும் இல்லை. இஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டால் லீவர் பிடிக்கும்.

ஸ்ராட் ஆனது. தொடக்கத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை, சூடேற நின்றுவிட்டது. நீலப் புகை இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

புழுதி உழவுக்கு இறக்கினேன். அரை மணித்தியாலத்தில் நின்றது! புகை மெலிந்து, சத்தம் இறங்கி, விக்கி விக்கி நின்றது. பத்து நிமிடம் விட்டு ஸ்ராட் பண்ணினால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. விற்றவர் சொன்ன குறை இதுதான், பீட் பம்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

நிற்கிற விதத்தைப் பார்த்தால் டீசல் பட்டினி. ராங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் இப்படித்தான் நிற்கும், அதனால் மூடியைத் திறந்து வைத்து, அதன்மேல் துணி போட்டு ஓட்டினேன். அதேபோல் நின்றது. நின்ற கையோடு பீட் பம்புக்கு வருகிற பைப்பைக் கழற்றி ஒரு போத்தலில் பிடித்தேன். நூல் அளவுதான் வருகிறது. கொஞ்ச நேரம் விட்டால் பெருக்கெடுக்கிறது. ரோட்டரி பம்புக்கு வருவதற்கு முன்னாலேயே கோளாறு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ராங்கியை இறக்கினோம். குழாயை முறுக்கி எடுத்தால் அதன் வலையில் துருச் செதிலும் கறுப்புச் சேறும். 2022இல் டீசல் இல்லாத காலம் யாருக்கும் மறந்திருக்காது, கியூஆர் காட்டி லீற்றர் கணக்கில் வாங்கியது, கிடைத்ததைப் பழைய பீப்பாயில் சேர்த்து வைத்தது. விற்றவரும் அப்படித்தான் சேர்த்தாராம், அந்தப் பீப்பாயின் துரு இங்கே வந்திருக்கிறது. ஓடும்போது டீசல் இழுக்கிற இழுப்பில் செதில்கள் வலையில் ஒட்டும், நின்றால் விழுந்துவிடும். பத்து நிமிட ஓய்வில் மெசினுக்கு உயிர் வந்த காரணம் இதுதான்.

ராங்கிக்குள் ஒரு பிடி சல்லிக் கல்லும் டீசலும் விட்டு, நானும் மச்சானும் குலுக்கிக் கழுவி ஊற்றினோம், கை இன்னும் நோகிறது. இரண்டு பில்டரும் மாற்றினேன்.

ஆகஸ்ட் 28, புதன்

காலையில் இருந்து மதியம் வரை உழுதது. நிற்கவில்லை. ரோட்டரி பம்பில் ஒரு ஸ்பனரும் படவில்லை, அதுக்கு ஏர் எடுத்ததைத் தவிர.

செப்ரெம்பர் 1, ஞாயிறு

நல்லூர்த் தேர். வீட்டில் எல்லோரும் யாழ்ப்பாணம். நான் லிப்டோடு.

இந்த மெசினில் கியர், டிபரென்சல், லிப்ட் மூன்றும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. பிளக்கைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. கியர் லீவர்களின் அடியில் இருக்கிற இறப்பர் உறைகள் கிழிந்து, வெளியில் மழையில் நின்ற காலம் முழுக்கத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. இந்த ஒயிலை வைத்துக்கொண்டு லிப்ட் பம்பைக் குறை சொல்வது நியாயம் இல்லை. உறைகள் மாற்றி, மலிவு ஒயில் விட்டு ஓட்டிக் கழுவி, நல்ல ஒயில் விட்டேன். தலையாட்டம் குறைந்தது, போகவில்லை.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

தூக்கிப் பிடித்த பாரம் தலையாட்டினால் எங்கோ ஒயில் தப்புகிறது என்று அர்த்தம். பாரம் கொஞ்சம் இறங்க, வால்வு திறந்து பம்ப் மறுபடி தூக்க, திரும்ப இறங்க. எங்கே தப்புகிறது என்று பார்க்க வழி இருக்கிறது. ஒயிலைக் கொஞ்சம் இறக்கி, பக்கத்து மூடியைக் கழற்றி, கலப்பையைத் தூக்கி, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு உள்ளே டோர்ச் அடித்தேன். கலப்பைக்குக் கீழே மரக்குற்றி வைத்தபிறகுதான் குனிந்தேன், சாரத்தை மாற்றிக் கால்சட்டை போட்டேன், கை உள்ளே போகவில்லை.

சிலிண்டர் பிஸ்ரன் பக்கம் காய்ந்து கிடக்கிறது. பம்பில் இருந்து மேலே போகிற நிமிர்ந்த பைப்பின் அடியில், பம்புக்குள் பூட்டுகிற இடத்தில், ஒயில் பீறிடுகிறது. அங்கே ஒயில் தப்பாமல் அடைக்கிற இறப்பர் வளையம், ஓ-ரிங். லிப்ட் மூடி முழுவதையும் தூக்காமலே அந்தப் பைப்பை மேலால் இழுத்து எடுக்கலாம், இதை வடிவமைத்தவனுக்கு ஒரு கும்பிடு. பழைய ஓ-ரிங் பிளாஸ்ரிக் மாதிரி கடினமாகி இரண்டாக உடைந்து வந்தது.

செப்ரெம்பர் 10, செவ்வாய்

புது ஓ-ரிங் போட்டு, இரவு முழுக்கக் கலப்பை தூக்கியபடி விட்டேன், விடியப் பார்த்தால் நாலு விரல் இறங்கியிருக்கிறது. இந்த வயது மெசினுக்கு அது போதும், வால்வைத் தோண்டப் போவதில்லை.

இனி ஸ்ரியரிங். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மச்சான் ஸ்ரியரிங்கை ஆட்ட நான் ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்தேன். ஸ்ரியரிங் பெட்டியில் இருந்து வருகிற கை உடனே அசைகிறது, ஆகவே பெட்டி ஓரளவு நல்லது. தளர்வு முழுக்க ஸ்ரியரிங் ரொட்டுகளின் முனைகளிலும் சில்லுத் தண்டுகளின் புஷ்களிலும். கிறீஸ் நிப்பிள்கள் மண்ணால் அடைபட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். புஷ்கள் வவுனியாவில் இருக்கிறதாம். தேர்தல் 21ஆம் திகதி, அந்தக் கிழமை கடைகள் எப்படி என்று சொல்லமுடியாது, வெள்ளிக்கிழமையே போய் அந்த ஸ்ராட்டர் சுவிச்சையும் சேர்த்து எடுத்து வரவேண்டும்.