பாரகஸ்: கண்ணின் முடியில் கோட்டை விட்ட கதை

போன ஞாயிற்றுக்கிழமை பதினொரு ஈக்களில் ஒன்பதுக்கு லேபிளை உருவிப் போட்டுவிட்டு மாற்றி எழுதினேன். நான்கு மாத வேலை போச்சு. எல்லாமே பாரகஸ் பேரின ஹோவர்ஃப்ளைகள், அதாவது அந்தரத்தில் நின்று பறக்கும் ஈக்கள். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பிளாக்ஜாக் செடி மண்டிக் கிடக்கும் சரிவில் பிடித்தவை. ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம்கூட இருக்காது.

ஆப்பிரிக்க பாரகஸைப் பிரிப்பதில் முதல் கேள்வியே கண்ணில்தான். கண்ணின் மேலுள்ள வெள்ளை முடி சீராகப் பரவியிருந்தால் பாண்டாசியோப்தால்மஸ் என்ற துணைப்பேரினம், பேரினத்துக்குள் ஒரு பிரிவு. நடுவில் வழுக்கை விட்டு நெடுக்குப் பட்டைகளாக நின்றால் அது பாண்டாசியோப்தால்மஸ் இல்லை. 1954இல் பாண்டாசியோப்தால்மஸ் என்று பெயரிட்டவர் பிரையன் ஸ்டக்கன்பெர்க். பிற்பாடு இதே ஊர் நேட்டால் அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக இருந்தவர். 'கண் முழுக்க முடி' என்பதுதான் அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். பெயரிலேயே விடை இருக்கிறது, நான்தான் கோட்டை விட்டேன்.

நடந்தது இதுதான். வலையோடு அலையச் சோம்பல்பட்டு, மஞ்சள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். விழுந்தவற்றை ஆல்கஹாலில் போட்டு, அப்புறம் சாவகாசமாக எடுத்துக் காயவைத்துப் பார்த்தேன். நனைந்து காய்ந்த முடி எண்ணெய் வைத்துச் சீவின தலை மாதிரி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கிறது. கொத்துக்கு இடையில் கண் பளபளவென்று தெரியும். நான் அதைப் பட்டை என்று படித்துவிட்டேன். நெஞ்சின் பின்முனையில் இருக்கும் ஸ்குட்டெல்லத்தின் ஓரத்தில், பட்டைக் கண் ஈக்கள் சிலவற்றுக்கு இருக்கும் ரம்பப் பல் இல்லையே என்று அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. பட்டைக் கண்ணுள்ள பைகலர் என்ற இனக் கூட்டத்துக்கும் பல் கிடையாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உண்மை தெரிந்தது தற்செயலாக. அதே சரிவில் வலையில் ஒன்று சிக்கியது. நனையாத ஈ. கறுப்புக் காகிதத்தைப் பின்னால் வைத்து, போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பார்த்தேன். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் இந்த முடி தெரியவே தெரியாது, பக்கவாட்டு வெளிச்சம்தான் எல்லாம். பட்டையும் இல்லை, வழுக்கையும் இல்லை, புல்வெளி மாதிரி ஒரே சீர். வயிற்றைக் கலக்கியது.

பழையதையெல்லாம் மீட்க ஒரு வாரம் ஆனது. எத்தில் அசிட்டேட்டில் மறுபடி ஊறவைத்து, வடிதாளில் வைத்து, ஈரம் பறக்கும்போதே ஒற்றை முடித் தூரிகையால் நீவிவிட வேண்டும். முழுக்கக் காய்ந்தபின் நீவினால் முடி உடைகிறது. இரண்டு ஈக்களின் இடது கண்ணை இப்படித்தான் மொட்டையாக்கினேன். நல்லவேளை, வலது கண் இருந்தது. கடைசிக் கணக்கில் ஒன்பது பாண்டாசியோப்தால்மஸ், இரண்டு மட்டும் நிஜமான பட்டைக் கண். அந்த இரண்டை இன்னும் தொடவில்லை.

சரி, துணைப்பேரினம் முடிந்தது. இனம் லோங்கிவென்ட்ரிஸா, வேறேதாவதா என்பதற்கு ஆண் ஈயின் பிறப்புறுப்பைப் பிரித்தே ஆக வேண்டும். ஐரோப்பாவில் டிபியாலிஸ், ஹேமரோஸ் என்ற இரு பாரகஸ் இனங்களைப் பிரிப்பதும் அந்த உறுப்பின் ஒரு சிறு பகுதியான போஸ்ட்கோனைட்டின் நீளத்தை வைத்துத்தான். வெளித்தோற்றத்தை நம்பி இந்தப் பேரினத்தில் பெயர் வைப்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. ஒன்பதில் ஐந்துதான் ஆண். முதல் ஆணை, தசையைக் கரைக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பத்து சதவீதக் கரைசலில் வெந்நீர்க் குளியலாக வைத்தேன். மின்வெட்டு வந்து, ஜெனரேட்டரைப் பார்க்கப் போய், மறந்து, நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பினால் உள்ளே கண்ணாடி மாதிரி ஏதோ மிதக்கிறது, ஓரம் எது, உள் எது என்று தெரியவில்லை. "ஈக்கு வைத்தியம் பாக்குறீங்களா, கூழ் காய்ச்சுறீங்களா?" என்று மனைவி கேட்டாள். இரண்டாவதை வெந்நீரே வேண்டாம் என்று அறை வெப்பத்தில் ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் வினிகர் கலந்த தண்ணீரில் கழுவி கிளிசரினில் போட்டதும் பிறப்புறுப்பின் கிடுக்கி மாதிரியான சர்ஸ்டைலஸ் தேன் நிறத்தில் தெளிவாக நின்றது. இனி நான் சூடு பண்ணுவதில்லை.

ஊசி பற்றியும் ஒரு புலம்பல். இந்த அளவு ஈயைக் குத்திவைக்க 0.15 மில்லிமீட்டர் மினுட்டன் ஊசிதான் சரி. நான் முதலில் வாங்கிய கடை அனுப்பியது துருப்பிடிக்கும் இரும்பு, மூன்று மாதத்தில் நெஞ்சைச் சுற்றித் துருக் கறை. இப்போது செக் நாட்டு ஸ்டெயின்லெஸ் ஊசிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். தபால் செலவு ஊசியைவிட அதிகம்.

இதற்கிடையில் எரிஸ்டாலினஸ் என்ற இன்னொரு ஹோவர்ஃப்ளை பேரினத்தின் பக்கம் மனம் ஓடுகிறது. அதில் டேனியாப்ஸ் என்ற இனத்தின் கண்ணில் பட்டை வெறும் கண்ணுக்கே தெரியும், முடியைச் சீவ வேண்டாம். வாசல் ரோஸ்மேரியில் தினமும் வந்து உட்காருகிறது. ஆனால் ஆண் பாரகஸ் இன்னும் மூன்று பாக்கி. நாலு பெண்களின் லேபிளில் பாண்டாசியோப்தால்மஸ் என்று மட்டும் எழுதி, இனப்பெயர் இடத்தைப் பென்சிலுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.