ரிசப்ஷனுக்கு வரும் நன்கொடைக் குரல்

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ் போன்களில் மார்ச் மாதம் வந்தால் நன்கொடை அழைப்புகள் கூடிவிடும். ஆடிட்டர் கணக்கு முடிக்கும் நேரம். 'டேக்ஸ் குறையும்' என்ற சொல்லுக்கு அப்போதுதான் மரியாதை.

"வணக்கமுங்க, நல்லா இருக்கீங்களா?" சின்ன இடைவெளி. "ரொம்ப சந்தோஷமுங்க. ரெண்டு வயசுப் பாப்பாவுக்கு ஆபரேஷனுங்க..." நாம் வாயே திறக்காவிட்டாலும் அந்த 'ரொம்ப சந்தோஷமுங்க' வந்துவிடும். பதிவுக்குரலை இதில் பிடிக்கலாம்.

இன்னொரு வகை கொஞ்சம் கெட்டி. ஒரு ஆள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நாம் பேசுவதைக் கேட்டு, அதற்குத் தோதான பதிவுத் துண்டைப் பட்டன் அமுக்கி ஓட்டுவார். "ஏனுங்க, இது ரெக்கார்டிங்கா?" என்று கேட்டால் சிரிப்பதற்கும் ஒரு துண்டு இருக்கும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பதிவுத் துண்டுகளையும் வைத்து 6.7 கோடிப் பேருக்கு 130 கோடி அழைப்புகள் போட்டு, 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்த கும்பலை 2021இல் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் முடக்கியது. ஒரு டாலரில் 90 சென்ட் வரை வசூல்காரர்களே எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் பாப்பா நிஜமா என்று போனில் வாதாடிப் பயனில்லை. கணக்கைக் கேட்க வேண்டும். டிரஸ்ட்டின் பான் நம்பர் என்ன? நான்காவது எழுத்து டிரஸ்ட்டுக்கு 'டி', தனி ஆளுக்கு 'பி'. பணம் எந்தப் பெயருக்குப் போகிறது? யுபிஐயில் தொகையைப் போடும்போது வரும் பெயர் தனி ஆளுடையதாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். எல்லாச் சிகிச்சையும் அதில் வராது என்றாலும், மனுப் போட்டார்களா என்று கேட்டால் நிஜக் குடும்பத்திடம் பதில் இருக்கும். ஆஸ்பத்திரி நம்பரை அவர்களிடம் வாங்கக் கூடாது, நாமே தேடி எடுத்துப் பேச வேண்டும்.

நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி சங்கதியில்தான் முதலாளிகளே ஏமாறுகிறார்கள். கொடுத்த பணம் அப்படியே வரியில் கழியாது. 10,000 கொடுத்தால் பெரும்பாலும் பாதி, 5,000 மட்டும் வருமானத்தில் கழியும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மிச்சம் 1,500 சொச்சம். புதிய வரிமுறையில் இருக்கும் தனிநபருக்கு அதுவும் இல்லை. ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் கழிவே கிடையாது. டிரஸ்ட்டின் 80ஜி அங்கீகார நம்பர் சரியாக இருந்தாலும் வசூல் ஏஜென்ட் கமிஷன் எவ்வளவு என்பது அதில் தெரியாது. அதையும் கேளுங்கள், பெரும்பாலும் லைன் கட்டாகிவிடும்.

ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளைகளுக்குப் 'பாவம்' என்று போனை வைக்க மனசு வராது. "போனில் நன்கொடை கிடையாதுங்க, லெட்டர்பேடில் எழுதி அனுப்புங்க" என்று ஒரு சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிவைத்தால் அவர்கள் மேல் பாரம் இருக்காது. பெரிய ஓட்டை அக்கவுண்ட்ஸில். "உங்க எம்டி போன மாசமே ஒத்துக்கிட்டாருங்க, பாக்கிதானுங்க" என்று ஒரு குரல் சொல்லும். பில் பாக்கி என்று நினைத்துப் பணத்தைப் போட்டுவிடுவார்கள். முதலாளி கையெழுத்துப் போட்ட வவுச்சர் இல்லாமல் நூறு ரூபாய்கூடப் போகக் கூடாது.

அழைப்பு மட்டும் வந்ததென்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் புகார் கொடுக்கலாம். நம்பரை பிளாக் செய்தால் மறுநாள் வேறு நம்பரில் வரும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. கூப்பிடும்போது யுடிஆர் நம்பர் (பணம் அனுப்பியதற்கான அடையாள எண்), நேரம், தொகை, யுபிஐ ஐடி நான்கும் கையில் இருக்கட்டும்.